நாற்பதைத் தாண்டிப் பெருநகரத்துக்கு வருகிறவர்களுக்கு: முதல் ஓராண்டு

புது நகரத்துக்கு வந்த மூன்றாவது மாதம், காய்ச்சலோடு ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு படிவம். பெயர், வயது 47, முகவரி, ஒவ்வாமை எல்லாம் எழுதியாயிற்று. ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் அக்காவின் எண்ணை எழுதலாம். ஆனால் அக்கா கிளம்பி வந்து சேர ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அரை மணி நேரத்தில் வந்து பக்கத்தில் நிற்கக்கூடிய ஒருவர் பெயர்கூட இந்த நகரத்தில் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அக்கா எண்ணையே எழுதிக் கொடுத்தேன். வரவேற்பறைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “இவங்க பக்கத்துலயா இருக்காங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இந்த வழிகாட்டி. வீடு, வேலை, பணம் பற்றியும் சொல்கிறேன். அவை இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் இந்த வயதில் வருகிறவர்கள் வீட்டையும் வேலையையும் எப்படியாவது பிடித்துவிடுகிறோம். இருபது வருட அனுபவம் கை கொடுக்கிறது. மனிதர்களைச் சேர்ப்பதில்தான் தடுமாறுகிறோம். கல்லூரி, விடுதி, முதல் வேலை என்று இளவயதில் தானாக நடந்தது இப்போது தானாக நடப்பதில்லை. அதனால் எந்த முடிவெடுத்தாலும் ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இது என்னை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்குமா?

கிளம்பும் முன்

முதலில் பணக் கணக்கு. ஒரு தாளில் மாதச் செலவை எழுதுங்கள்: வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, மருந்து, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்புவது. கையிருப்பை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று தெரிந்துவிடும். வேலை கையில் இல்லாமல் வருகிறீர்கள், கணக்கு ஆறு மாதத்துக்குக் கீழே நிற்கிறது என்றால், பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். இருபத்தைந்து வயதில் கையில் காசில்லாமல் வந்தால் கஷ்டப்படுவது நாம் மட்டும்தான். இப்போது பிள்ளையின் கட்டணமும் பெற்றோரின் மருந்தும் நம்மை நம்பி இருக்கின்றன.

கையிருப்பை இரண்டு கணக்குகளாகப் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டுகிற பணம். இன்னொன்று திரும்புகிற பணம்: எந்த நேரத்திலும் ஊருக்குப் போகும் டிக்கெட்டும், போன இடத்தில் ஒரு மாதச் செலவும். இரண்டாவதைத் தொடவே கூடாது. பெற்றோருக்கு ஒன்று என்றால் அந்த ராத்திரியே கிளம்ப முடியும் என்பது தெரிந்தால்தான் இங்கே நிம்மதியாகத் தூங்க முடியும். முதல் மாதத்துக்கு மட்டும் வழக்கமான செலவைப் போல இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள். வீட்டு முன்பணம், தரகு எல்லாம் தனி. மெத்தை, வாளி, திரைச்சீலை, பூட்டு, விளக்கு என்று சில்லறையாகப் போகிற பணம்தான் கணக்கில் வராமல் போகும்.

அடுத்தது போன் எண். பழைய சிம்மை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். பேங்க், காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, வரிக் கணக்கு, மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றிலும் புது எண்ணை மாற்றிய பிறகு, குறைந்தது மூன்று மாதம் பழையதையும் உயிரோடு வைத்திருங்கள். எங்கேயோ மறந்துபோன ஒரு கணக்கு ஓடிபியைப் பழைய எண்ணுக்குத்தான் அனுப்பும். அந்த எண் வேறு யாருக்காவது போயிருந்தால், அதைச் சரிசெய்ய ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும்.

உடம்பையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பல், கண், ரத்த அழுத்தம், சர்க்கரை. நாற்பதுகளில் பக்கத்துப் பார்வை மங்கத் தொடங்குவது எல்லோருக்கும் வருவது. வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டிய நேரத்தில் அது தெரியவந்தால் சங்கடம். தினமும் மருந்து எடுப்பவர்கள் மருந்தின் வேதிப் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் இடத்துக்கு இடம் மாறும், வேதிப் பெயர் மாறாது. இரண்டு மாத மருந்து கையில் இருக்கட்டும்.

அப்புறம், விட்டுவிட்டு வருகிறவர்கள். வயதான பெற்றோரை விட்டு வருகிறீர்கள் என்றால், “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பத்துப் பேரிடம் பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, ஒரே ஒருவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். மருத்துவக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மருத்துவர், மாற்றுச் சாவி யாரிடம், முதல் செலவுக்குப் பணம் எங்கே. இதை எழுதிக் கொடுத்துவிட்டால் நள்ளிரவில் போன் வரும்போது பாதிப் பதற்றம் குறையும்.

முதல் மாதம்: வீடு

வந்த வாரமே ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதம் தற்காலிகமாகத் தங்க ஓர் அறை பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், தவறான பேட்டையில் பதினொரு மாதம் மாட்டிக்கொள்வதைவிட அது மலிவு.

பிடித்த பகுதியை நான்கு வேளைகளில் போய்ப் பாருங்கள்: வேலைநாள் காலை நெரிசலில், ராத்திரி பத்து மணிக்கு, நல்ல மழையில், விடுமுறை நாள் மதியத்தில். தரகர் உங்களைக் காலை பதினொரு மணிக்குக் கூட்டிப்போவார். எல்லாத் தெருவும் அழகாக இருக்கும் நேரம் அது.

வாடகையா, பயண நேரமா என்ற கேள்வி கட்டாயம் வரும். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் ஒரு கருத்தை எழுதினார்: காலில் நடந்த காலத்திலிருந்து கார் காலம் வரை, மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்குச் செலவிட்டிருக்கிறார்கள், வாகனம் வேகமாக வேகமாக ஊர்தான் பெரிதானது. போக அரை மணி, வர அரை மணி. பெருநகரங்களில் பலருக்கு இது எட்டாக்கனிதான். இருந்தாலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வீடு ஒன்றரை மணி நேரத் தொலைவில் என்றால் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகிறது. அது மாலையில் யாரையாவது சந்தித்திருக்கக்கூடிய நேரம். வாடகையில் மிச்சமான பணத்தோடு அதையும் சேர்த்து எடை போடுங்கள். என் கருத்தைக் கேட்டால், சின்ன வீடு பக்கத்தில் என்பதற்கே ஓட்டுப் போடுவேன்.

லிஃப்ட் இல்லாத மேல் தளம் என்றால், பார்க்கப் போகும்போது இரண்டு கைகளிலும் பாரமான பைகளோடு ஏறிப் பாருங்கள். நான் அப்படி ஏறிப் பார்க்காமல் நான்காவது மாடியில் ஒரு வீட்டை எடுத்தேன். மூன்றாம் வாரம் முழங்கால் பேச ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய கெடுதல், வீட்டுக்குள் போனால் மறுபடி இறங்க மனமே வரவில்லை. மாலை ஆறு மணிக்கே கதவு சாத்திக்கொண்டது.

வீட்டின் அமைப்பைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் யார் யாருக்கு நண்பரானார்கள் என்று பார்த்து 1950-ல் வெளியிட்டார்கள். பக்கத்து வாசல்காரரை நெருங்கியவராகச் சொன்னவர்கள் சுமார் 41 சதவீதம். நடையின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். அதே மாடி, சில அடி தூரம்தான் வித்தியாசம். மாடிப்படிக்கும் கடிதப் பெட்டிகளுக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல் தளத்திலும் பழக்கம் கிடைத்தது. ஏனென்றால் எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் வீடு பார்க்கும்போது அறைகளை மட்டும் பார்க்காதீர்கள். வாசலில் இறங்கித் தெருவுக்கு வரும் வழியில் எத்தனை பேர் எதிரே வரக்கூடும் என்று பாருங்கள். பொது மொட்டைமாடி, மரத்தடித் திண்ணை, ஒரே படிக்கட்டு இதெல்லாம் சொத்து. தனி வாசல், தனிப் படி, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று தரகர் பெருமையாகச் சொல்கிற வீடு, தனியாக வருகிறவருக்கு ஆகாது.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை இரண்டு தடவை படியுங்கள்: காலி செய்ய எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும், பழுது யார் செலவு, வாடகை எப்போது எவ்வளவு ஏறும். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். சாவி வாங்கிய அன்றே சுவர்க் கீறல், கறை, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். காலி செய்யும் நாளில் வாக்குவாதம் வராது.

வழி பழகுவது

போன் சொல்கிற வழியில் மட்டும் போனால் ஓராண்டு கழித்தும் நகரம் கைக்கு வராது. வாரம் ஒரு நாள், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு திசையில் அரை மணி நேரம் நடந்து திரும்புங்கள். அடுத்த வாரம் வேறு திசை. வந்ததும் நினைவிலிருந்து ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். நகர அமைப்பை ஆராய்ந்த கெவின் லிஞ்ச், மக்கள் ஒரு நகரத்தை மனதில் எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960-ல் ஐந்து விஷயங்களைச் சொன்னார்: பாதைகள், விளிம்புகள், பேட்டைகள், சந்திப்புகள், அடையாளங்கள். உங்கள் படத்திலும் இந்த ஐந்தையும் குறியுங்கள். தண்டவாளமோ ஆறோ எங்கே ஊரை வெட்டுகிறது? எந்தக் கோபுரமோ உயரமான கட்டடமோ தூரத்திலிருந்து தெரிகிறது? நாலைந்து வாரத்தில் தாள் நிரம்பத் தொடங்கும்.

“இந்த வயதில் வழியெல்லாம் மண்டையில் ஏறாது” என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்க ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் பிடிக்கும் படிப்பு அது. எலனோர் மகுவயர் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு 2000-ல் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. இட நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படியோ என்ற சந்தேகம் வந்தது. 2011-ல் வெளிவந்த தொடர் ஆய்வில், படிக்கத் தொடங்கும் முன்னும் தேர்ச்சி பெற்ற பின்னும் அளந்து பார்த்தார்கள்; தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. எல்லோரும் வளர்ந்த ஆட்கள்தான். நடந்தால் ஏறும்.

வேலை தேடும்போது

நெருங்கிய நண்பர்களிடம் கேட்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று விசாரித்திருந்தார். அடிக்கடி பார்த்தவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்த்தவர் மூலம் 55.6 சதவீதம். அரிதாகவே பார்த்தவர் மூலம் 27.8 சதவீதம். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. சற்றுத் தள்ளி இருப்பவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார்.

ஆக, நடுவயதுக்காரர்களான நம்மிடம் இளைஞர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. இருபது வருடத்தில் சேர்ந்த அரைகுறைப் பழக்கங்கள். முன்னாள் சக ஊழியர், ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பொருள் வாங்கிப் போன வாடிக்கையாளர், பள்ளித் தோழனின் தம்பி. நாற்பது பெயர் எழுதுங்கள். தினம் மூன்று பேருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

“வணக்கம். உங்களோடு அந்தக் கிளையில் இரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன், நினைவிருக்கும் என்று நம்புகிறேன். இப்போது இந்த நகரத்துக்கு வந்திருக்கிறேன். இங்கே கொள்முதல் துறையில் இருக்கும் யாராவது ஒருவரோடு இருபது நிமிடம் பேசி நிலவரம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.”

வேலை கேட்கவில்லை, இருபது நிமிடம்தான் கேட்டேன். அதை மறுப்பது யாருக்கும் கடினம். பேசப் போனால் இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். கடைசியில், “நான் வேறு யாரிடம் பேசலாம்?” என்று கேளுங்கள். என் வேலை நான்காவது ஆளிடமிருந்து வந்தது. அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

விண்ணப்பத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் போதும். முதல் வேலையிலிருந்து வரிசையாக எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். வேலை கிடைத்து, மேலாளர் உங்களைவிட இளையவராக இருந்தால் முதல் மூன்று மாதம் ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள்: “எங்க பழைய ஆபீஸ்ல இப்படிச் செய்வோம்.” கேட்டால் சொல்லலாம். கேட்பார்கள், கொஞ்ச நாள் போகட்டும்.

இடைக்காலத்தில் சின்ன வேலையை எடுக்க நேரிட்டால், சம்பளத்தோடு நேரத்தையும் பாருங்கள். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் வேலையில் எந்தப் பழக்கமும் வேர் பிடிக்காது. ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

மனிதர்கள்

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சமீபத்தில் இடம் மாறி வந்த பெரியவர்களிடம் புதுப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டார். கிடைத்த கணக்கு: முகம் தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரே இடத்தில் வேலை செய்வதால் மட்டும் கழிகிற நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை; வேலைக்கு வெளியே சும்மா கழித்த நேரம்தான் நெருக்கத்தை வளர்த்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. வந்து ஒரு மாதம் தாண்டியும் யாரும் நெருங்கவில்லையே, என்னிடம் ஏதோ குறை போலிருக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் யாரோடும் பத்து மணி நேரம்கூடச் சேர்ந்திருக்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவை போவேன், யாரும் பேசவில்லை என்று அடுத்த வாரம் வேறு கூட்டம். ஐம்பது பேரைத் தலா ஒரு மணி நேரம் பார்த்தால் ஐம்பது மணி நேரமாகிவிடாது.

சரி, வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைப் பார்த்தால் 50 மணி நேரத்துக்கு இருபத்தைந்து வாரம், 90-க்கு நாற்பத்தைந்து வாரம். ஏறக்குறைய ஓராண்டு. அதற்கு ஒரே வழி ஒரே இடம், ஒரே நேரம், விடாமல். இடத்தைத் தேர்ந்தெடுக்க என் மூன்று அளவுகோல்கள்: வீட்டிலிருந்து நடந்து போகக்கூடியது, வாரம் தவறாமல் நடப்பது, பேசாமல் இருந்தாலும் உறுத்தாதது. மூன்றாவது முக்கியம். வட்டமாக உட்கார்ந்து அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டங்கள் நல்லவைதான், ஆனால் மனம் சோர்ந்த நாளில் அங்கே போக மாட்டோம். பாட்டுக் குழு, பூங்கா நடை, கைத்தொழில் வகுப்பு, தன்னார்வ வேலை, நூலகம் போன்ற இடங்களில் கைக்கோ கண்ணுக்கோ ஒரு வேலை இருக்கும்.

நான் நூலகத்தைப் பிடித்தேன். சனி, ஞாயிறு காலை ஒன்பது மணி, வாசிப்பறை, சன்னல் ஓரம் இரண்டாவது மேஜை. முதல் ஒரு மாதம் யாரும் பேசவில்லை. அதே நாலைந்து முகங்கள். எதிரே எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா உட்காருவார். பேப்பரின் நடுத்தாளைத் தனியே உருவி, ஓரத்தை விரல் நகத்தால் நீவி மடித்துவைத்துவிட்டு, அப்புறம்தான் முதல் பக்கத்தைப் படிப்பார். ஒரு நாள் அந்த மடித்த தாளை என் பக்கம் தள்ளினார். நான் படித்துவிட்டு அதே மடிப்பில் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான், பேச்சு இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. காய்ச்சலில் அந்த மருத்துவமனைக்குப் போனது அடுத்து வந்த சனிக்கிழமை. மறுவாரம் போய் உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக் கேட்டார்: “போன வாரம் ரெண்டு நாளும் வரலையே, உடம்பு சரியில்லையா?”

நான் வராததைக் கவனிக்க இந்த நகரத்தில் ஒருவர் இருந்தார். எழுந்து தண்ணீர் குடிப்பதுபோல் வெளியே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-ல் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: பழகிய அந்நியர்கள். தினமும் ஒரே ரயில் மேடையில் பார்ப்போம், பேச மாட்டோம், ஆனால் தெரியும். நெருக்கடியிலோ வேறு ஊரிலோ சந்தித்தால் பேசிவிடுவோம் என்று அவர் கவனித்தார். பெருநகரத்தில் உங்கள் முதல் சொந்தங்கள் இவர்கள்தான். அதனால் தினம் ஒரே நேரத்துக்குக் கிளம்புங்கள், ஒரே பெட்டியில் ஏறுங்கள். மூன்றாம் வாரம் தலையசையுங்கள். ஆறாம் வாரம், மழையோ தாமதமோ வந்தால் ஒரு வார்த்தை. ஒரு சின்ன உதவி கேட்பது இன்னும் நல்லது: “இந்த பஸ் அங்கே நிற்குமா?” உதவி செய்தவர் நம்மை நினைவில் வைத்திருப்பார்.

அழைக்கும் முறை பற்றியும் ஒன்று. “ஒரு நாள் சந்திக்கலாம்” என்பது சந்திப்பில் முடியாது. “வர ஞாயிறு பத்தரைக்கு நூலகம் முடிந்து பூங்காப் பக்கம் நடக்கப் போகிறேன், வருகிறீர்களா?” என்று நாளும் நேரமும் இடமும் வைத்துக் கேளுங்கள். வரவில்லை என்றால் மனம் கசங்கும். நடுவயதில் எல்லோருக்கும் வீட்டில் ஆயிரம் இருக்கிறது. மூன்று தடவை கேட்கலாம்.

மூன்றாம் மாதத்துச் சோர்வு

முதல் சில வாரம் எல்லாம் புதுசு, உற்சாகம். அப்புறம் ஒரு சரிவு வரும். மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950-களிலேயே, புது இடத்துக்குப் போகிறவர்களுக்குத் தேனிலவுக் காலத்துக்குப் பின் ஒரு நெருக்கடிக் காலம் வருவதை விவரித்திருக்கிறார். வரும் என்று தெரிந்திருந்தாலே பாதி பயம் போகும்.

உங்கள் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்றும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹி என்ற மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்களுக்கு எண்கள் கொடுத்தார்கள். துணையின் மரணம் 100, விவாகரத்து 73. வீடு மாறுவது வெறும் 20தான். ஆனால் நடுவயதில் வீடு மட்டுமா மாறுகிறது? வேலை போனது 47, பண நிலை மாற்றம் 38, வேறு வகை வேலை 36, வாழும் சூழல் 25, வேலை நேரம் 20, பழக்கவழக்க வட்டம் 18, தூக்கம் 16. வீட்டையும் சேர்த்தால் 220. என் கணக்கு அதுதான். வேலை செய்த நிறுவனம் மூடப்பட்டுத்தான் நான் கிளம்பினேன். இது நோய் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. “இதுக்கெல்லாமா சோர்ந்துபோவது?” என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

வாரம் 150 நிமிடம் வேகமான நடை போன்ற மிதமான உடற்பயிற்சி, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவு. திசைக்கொரு நடையும் இதில் சேரும். ஊருக்குப் போன் பேசுவதற்கும் நேரம் வையுங்கள். எனக்கு ராத்திரி எட்டு முதல் எட்டரை. முன்பு மாலை முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பேன். உடம்பு இங்கேயும் மனம் அங்கேயுமாக இருந்தது. அக்காவும் அதைத்தான் சொன்னாள்: “நீ இன்னும் அங்க போய்ச் சேரவே இல்ல.”

‘இருப்பதா, திரும்புவதா’ என்ற கேள்விக்கு ஒரு தேதி குறியுங்கள். ஒன்பதாவது மாதம் என்று வையுங்கள். அதுவரை அந்தக் கேள்வி வந்தால் தேதியைக் காட்டி அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்தத் தேதியில் உட்கார்ந்து யோசித்து, திரும்புவதே சரி என்று பட்டால் திரும்புங்கள். அதற்குத்தான் அந்தப் பணம் தனியாக இருக்கிறது.

ஆனால் தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே, அந்த நேரமே யாரையாவது அழையுங்கள்.

அந்தக் கட்டம்

பத்து மாதம் போனபின் இன்னொரு படிவம் வந்தது, கண் மருத்துவரிடம். இந்தத் தடவை நூலகத்து அம்மாவின் பெயரை எழுதினேன். எழுதும் முன் அவரிடம் கேட்டேன். கேட்காமல் யார் பெயரையும் போடக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நாலு வருஷமா என் பேப்பர்ல அந்த இடத்துல பையன் பேர்தான் இருக்கு. அவன் இருக்கறது வேற நாட்டுல. உன் பேரைப் போட்டுக்கட்டுமா?”

உங்களிடமும் ஒருவர் அப்படிக் கேட்பார். சரி என்று சொன்ன அன்றே இவற்றைச் செய்துவிடுங்கள். அவருடைய ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்துகள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், காப்பீட்டு எண் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் போனிலும் வையுங்கள். அவர் வீட்டு மாற்றுச் சாவி ஒன்றை வாங்கி, உங்களுடையதை அவரிடம் கொடுங்கள். தூரத்தில் இருக்கும் அவர் பிள்ளையின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும், உங்கள் எண் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும். போனில் ராத்திரி மௌனத்தில் வைத்தாலும் இந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ராத்திரியில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். எங்களுக்குப் பதினேழு நிமிடம்.